எச்.ஐ.வி.: பரவும் வழிகளும் உடலில் ஏற்படும் மாற்றங்களும்

எச்.ஐ.வி. தொற்று உறுதி செய்யப்பட்ட ஒருவருக்கும், அவரைப் பராமரிக்கும் குடும்பத்தினருக்கும் முதலில் எழும் கேள்விகள் பெரும்பாலும் இரண்டுதான். ஒன்று, இத்தொற்று வீட்டிலுள்ள மற்றவர்களுக்குப் பரவுமா என்பது. மற்றொன்று, இனி உடலுக்கு என்ன நேரும் என்பது. இவ்விரண்டுக்கும் மருத்துவ அறிவியலில் தெளிவான விடைகள் உள்ளன. அவற்றை அறிந்துகொண்டால் தேவையற்ற அச்சம் எது, தேவையான எச்சரிக்கை எது என்பதை நீங்கள் பிரித்தறியலாம்.

எச்.ஐ.வி. என்றால் என்ன? எய்ட்ஸ் என்றால் என்ன?

எச்.ஐ.வி. என்பது மனிதரின் நோய் எதிர்ப்பு ஆற்றலைக் குறைக்கும் ஒரு வைரஸ். எய்ட்ஸ் என்பது அந்த வைரஸால் நோய் எதிர்ப்பு ஆற்றல் மிகவும் குன்றிய நிலையில் தோன்றும் பல்வேறு நோய்களின் தொகுப்பு. எச்.ஐ.வி. தொற்று உள்ள அனைவருக்கும் எய்ட்ஸ் இருப்பதாகக் கருதுவது தவறு. உரிய காலத்தில் சிகிச்சையைத் தொடங்கி, அதை முறையாகத் தொடர்பவர்களில் பெரும்பாலானோர் எய்ட்ஸ் நிலையை அடைவதே இல்லை.

இந்நோய் 1981ஆம் ஆண்டு அமெரிக்காவில் முதன்முதலாக அறியப்பட்டது. 1983ஆம் ஆண்டு பாரிஸ் நகரிலுள்ள பாஸ்டர் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் வைரஸைப் பிரித்தெடுத்தனர். இந்தியாவில் 1986ஆம் ஆண்டு, சென்னையில், மருத்துவர் சுனிதி சாலமன் அவர்களும் அவருடைய மாணவியான மருத்துவர் செல்லப்பன் நிர்மலா அவர்களும் மேற்கொண்ட ஆய்வில்தான் முதல் தொற்றுகள் கண்டறியப்பட்டன. அக்காலத்தில் இத்தொற்றுக்குச் சிகிச்சை இல்லை. இன்று அரசு மருத்துவமனைகளிலேயே அது இலவசமாகக் கிடைக்கிறது.

எச்.ஐ.வி. எவ்வாறு பரவுகிறது?

இரத்தம், விந்து, விந்துக்கு முன் கசியும் திரவம், யோனித் திரவம், ஆசனவாய்த் திரவம், தாய்ப்பால் ஆகியவற்றில் மட்டுமே பிறருக்குத் தொற்றை உண்டாக்கும் அளவில் வைரஸ் காணப்படுகிறது. இத்திரவங்களுள் ஒன்று மற்றொருவரின் இரத்தத்தை அடைந்தாலோ, அவரது பிறப்புறுப்பு, ஆசனவாய், வாய் ஆகியவற்றின் உட்புற மென்சவ்வில் அல்லது காயத்தில் பட்டாலோதான் தொற்று ஏற்பட வாய்ப்பு உண்டு. இதன் அடிப்படையில் பரவும் வழிகள் நான்காகும்.

1. பாதுகாப்பற்ற உடலுறவு. ஆணுறை அணியாமல் கொள்ளும் யோனிவழி உடலுறவிலும் ஆசனவாய்வழி உடலுறவிலும் தொற்று பரவலாம். ஆசனவாயின் உட்சவ்வு மெல்லியதாகவும் எளிதில் காயமடையக்கூடியதாகவும் இருப்பதால், அவ்வகை உறவில் ஆபத்து அதிகம். பால்வினை நோய்ப் புண்கள் இருந்தால் வைரஸ் உள்ளே நுழைவது மேலும் எளிதாகிறது. ஆகவே பிறப்புறுப்பில் புண், வெள்ளைப்படுதல், சீழ் வடிதல் போன்ற அறிகுறிகள் தோன்றினால் தாமதியாமல் சிகிச்சை பெற வேண்டும்.

2. ஊசி, சிரிஞ்சு ஆகியவற்றைப் பகிர்தல். போதை மருந்து செலுத்திக்கொள்வோர் ஒரே ஊசியைப் பலர் பயன்படுத்தும்போது, ஊசியினுள் தங்கிய இரத்தம் நேரடியாக அடுத்தவரின் இரத்த நாளத்தைச் சென்றடைகிறது. தூய்மை செய்யப்படாத கருவிகளால் பச்சை குத்துதல், காது மூக்கு குத்துதல் ஆகியவற்றையும் தவிர்க்க வேண்டும்.

3. தொற்றுள்ள இரத்தத்தை ஏற்றுதல். தொற்றுள்ள இரத்தம் உடலில் ஏற்றப்பட்டால் தொற்று ஏற்படுவது ஏறத்தாழ உறுதி. எனவேதான் இந்தியாவில் தானமாகப் பெறப்படும் ஒவ்வோர் அலகு இரத்தமும் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, சிபிலிஸ், மலேரியா ஆகியவற்றுக்காகக் கட்டாயமாகப் பரிசோதிக்கப்படுகிறது. இரத்த தானம் செய்வதால் கொடையாளருக்கு எச்.ஐ.வி. வராது. அவருக்குப் பயன்படுத்தப்படும் ஊசியும் பையும் புதியவை.

4. தாயிடமிருந்து குழந்தைக்குப் பரவுதல். கர்ப்ப காலத்திலும், பிரசவத்தின்போதும், தாய்ப்பால் வழியாகவும் தொற்று பரவலாம். எந்தத் தடுப்பு முயற்சியும் இல்லாத நிலையில் இதற்கான வாய்ப்பு 15 முதல் 45 விழுக்காடு வரை உள்ளது. தாய் சிகிச்சையை முறையாக எடுத்துக்கொண்டு, குழந்தைக்கும் தடுப்பு மருந்து வழங்கப்பட்டால், இதை 5 விழுக்காட்டுக்கும் கீழாகக் குறைக்க இயலும்.

எவற்றால் பரவாது?

பின்வருவனவற்றால் எச்.ஐ.வி. பரவுவதில்லை:

- தொடுதல், கைகுலுக்குதல், கட்டியணைத்தல், கன்னத்தில் முத்தமிடுதல்
- ஒரே தட்டில் உண்ணுதல், ஒரே டம்ளரில் நீர் அருந்துதல், ஒருவர் சமைத்ததை மற்றவர் உண்ணுதல்
- ஒரே கழிப்பறை, குளியலறை, நீச்சல் குளம், படுக்கை, துணிகள் ஆகியவற்றைப் பயன்படுத்துதல்
- இருமல், தும்மல், வியர்வை, கண்ணீர்
- கொசு மற்றும் பிற பூச்சிக்கடி

கொசுவைப் பற்றிய ஐயம் பலருக்கும் உண்டு. கொசு ஒருவரிடமிருந்து உறிஞ்சிய இரத்தத்தை அடுத்தவரின் உடலில் செலுத்துவதில்லை. தன் உமிழ்நீரையே செலுத்துகிறது. மலேரியாக் கிருமி கொசுவின் உடலில் வளர்ந்து உமிழ்நீர்ச் சுரப்பியை அடைவதால் கொசுவின் மூலம் பரவுகிறது. எச்.ஐ.வி.யோ கொசுவின் உடலில் பெருகுவதில்லை. அதன் குடலில் செரிக்கப்பட்டு அழிந்துவிடுகிறது.

ஆகவே, தொற்றுள்ளவருக்குத் தனித் தட்டு, தனிப் பாய், தனி அறை ஒதுக்குவதால் வீட்டிலுள்ள எவருக்கும் கூடுதல் பாதுகாப்பு கிடைப்பதில்லை. அவ்வாறு ஒதுக்குவது நோயாளியின் மனத்தைக் காயப்படுத்துகிறது. உணவையும் மருந்தையும் அவர் கைவிடக் காரணமாகிறது. வீட்டில் தனித்தனியே வைத்திருக்க வேண்டியவை இரத்தம் படக்கூடிய சவர பிளேடு, பல் துலக்கி, நகவெட்டி போன்ற பொருட்கள் மட்டுமே. இவை எந்த வீட்டிலும், எவரும் பகிரக் கூடாதவை.

உடலினுள் நுழைந்த வைரஸ் என்ன செய்கிறது?

நம் இரத்தத்திலுள்ள வெள்ளை அணுக்களில் சிடி4 எனப்படும் ஒரு வகை உண்டு. உடலில் கிருமி நுழைந்தால், மற்ற பாதுகாப்பு அணுக்களுக்குத் தகவல் அளித்து அவற்றைச் செயல்படத் தூண்டுவது இவ்வணுக்களின் பணி. எச்.ஐ.வி. இவ்வணுக்களையே தேடிச் சென்று பற்றுகிறது.

வைரஸ் முதலில் சிடி4 அணுவின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு உள்ளே நுழைகிறது. அதன் மரபுப் பொருள் ஆர்.என்.ஏ. வடிவில் உள்ளது. வைரஸ் தன்னிடமுள்ள ஒரு நொதியின் துணையால் அதை டி.என்.ஏ.வாக மாற்றுகிறது. பிறகு, மற்றொரு நொதியின் துணையால் அந்த டி.என்.ஏ.வை மனித அணுவின் மரபணுத் தொகுதிக்குள்ளேயே இணைத்துவிடுகிறது. அதன்பின் அந்த அணு, தன்னை அறியாமலேயே புதிய வைரஸ்களை உருவாக்கும் இடமாக மாறுகிறது. புதிய வைரஸ்கள் வெளியேறி மற்ற அணுக்களைத் தாக்குகின்றன. தாக்கப்பட்ட அணுக்கள் அழிகின்றன. உடல் தொடர்ந்து புதிய சிடி4 அணுக்களை உருவாக்கினாலும், ஆண்டுகள் செல்லச் செல்ல அழிவின் வேகத்துக்கு ஈடுகொடுக்க இயலாமல் போகிறது.

தொற்றுக்குள்ளான அணுக்களில் ஒரு சிறு பகுதி வைரஸை உருவாக்காமல் உறங்குநிலையில் தங்கிவிடுகிறது. மருந்துகள் செயல்படும் வைரஸைத் தடுக்கின்றனவே தவிர, இவ்வாறு மறைந்திருப்பவற்றை அழிப்பதில்லை. மருந்தை நிறுத்தினால் வைரஸ் மீண்டும் பெருகுவதற்கு இதுவே காரணம்.

தொற்றின் மூன்று கட்டங்கள்

முதற்கட்டம்: தொற்று ஏற்பட்ட 2 முதல் 4 வாரங்களில் சிலருக்குக் காய்ச்சல், தொண்டை வலி, தோலில் தடிப்பு, நெறிக்கட்டு, உடல் வலி ஆகியவை தோன்றும். இவை சாதாரணக் காய்ச்சலைப் போலவே இருந்து சில நாட்களில் மறைந்துவிடும். பலருக்கு எந்த அறிகுறியும் தோன்றாது. ஆயினும் இக்கட்டத்தில் இரத்தத்தில் வைரஸ் மிக அதிக அளவில் இருப்பதால், பிறருக்குப் பரவும் வாய்ப்பும் மிக அதிகம்.

இரண்டாம் கட்டம்: வெளிப்படையான அறிகுறிகள் ஏதுமின்றிப் பல ஆண்டுகள் செல்லலாம். சிகிச்சை பெறாதவர்களுக்கும் இக்கட்டம் 8 முதல் 10 ஆண்டுகள் வரை, சில வேளைகளில் அதற்கு மேலும் நீடிக்கலாம். ஒருவரது தோற்றத்தைக் கொண்டு அவருக்குத் தொற்று உள்ளதா இல்லையா என்று கூற இயலாமைக்கு இதுவே காரணம். அவர் நலமாகத் தோன்றும் இவ்வாண்டுகளிலும் உள்ளே சிடி4 அணுக்கள் குறைந்துகொண்டே வருகின்றன.

மூன்றாம் கட்டம்: நலமான ஒருவரின் ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் ஏறத்தாழ 500 முதல் 1,500 வரை சிடி4 அணுக்கள் இருக்கும். இந்த எண்ணிக்கை 200க்கும் கீழே குறைந்தாலோ, நோய் எதிர்ப்பு ஆற்றல் குன்றியதைக் காட்டும் குறிப்பிட்ட நோய்கள் தோன்றினாலோ அது எய்ட்ஸ் நிலை எனப்படுகிறது.

இந்நிலையில், வலிமையான உடலில் தலைதூக்க இயலாத கிருமிகளும் நோயை உண்டாக்குகின்றன. இவை சந்தர்ப்பவாத நோய்த்தொற்றுகள் எனப்படும். இந்தியாவில் இவற்றுள் முதன்மையானது காசநோய். வாயிலும் உணவுக்குழாயிலும் வெண்படலமாகப் படரும் பூஞ்சைத் தொற்று, நீடித்த வயிற்றுப்போக்கு, ஒருவகை நுரையீரல் அழற்சி, மூளை உறையைத் தாக்கும் பூஞ்சைத் தொற்று, பார்வையைப் பாதிக்கும் வைரஸ் தொற்று ஆகியவையும் ஏற்படலாம். அக்கி மீண்டும் மீண்டும் வருவதும், காரணமின்றி உடல் எடை குறைவதும் கவனிக்க வேண்டிய அறிகுறிகள். இவற்றுள் பலவற்றைத் தடுக்கவும் குணப்படுத்தவும் மருந்துகள் உள்ளன. எய்ட்ஸ் நிலையில் மருத்துவமனைக்கு வந்தவர்களும் சிகிச்சையால் மீண்டு இயல்பு வாழ்க்கைக்குத் திரும்புகின்றனர். எனவே, "இனிப் பயனில்லை" என்று எண்ணிச் சிகிச்சையைத் தவிர்க்க வேண்டாம்.

பரிசோதனை

தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளில் இயங்கும் நம்பிக்கை மையங்களில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசமாகச் செய்யப்படுகிறது. பரிசோதனைக்கு முன்பும் பின்பும் ஆலோசனை வழங்கப்படும். விவரங்கள் இரகசியமாகக் காக்கப்படும். முதற் பரிசோதனையில் தொற்று இருப்பதாகத் தெரிந்தால், வேறு இரண்டு வகைப் பரிசோதனைகள் மூலம் அது உறுதி செய்யப்படுகிறது.

தொற்று ஏற்பட்ட உடனே பரிசோதனையில் அது வெளிப்படாது. வைரஸுக்கு எதிரான புரதங்கள் இரத்தத்தில் போதிய அளவு உருவாக 3 வாரங்கள் முதல் 3 மாதங்கள் வரை ஆகலாம். இக்காலம் சாளர காலம் எனப்படும். ஆகவே, ஐயத்துக்குரிய நிகழ்வுக்குப் பின் உடனே செய்த பரிசோதனையில் தொற்று இல்லை என வந்தாலும், 3 மாதங்கள் கழித்து மீண்டும் ஒருமுறை பரிசோதித்துக்கொள்ள வேண்டும். அதுவரை பாதுகாப்பற்ற உடலுறவையும் இரத்த தானத்தையும் தவிர்க்க வேண்டும்.

சிகிச்சை எவ்வாறு செயல்படுகிறது?

இச்சிகிச்சை கூட்டு மருந்து சிகிச்சை அல்லது ஏ.ஆர்.டி. என அழைக்கப்படுகிறது. இந்தியாவில் 2004ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் முதல் அரசு இதனை இலவசமாக வழங்கி வருகிறது. முற்காலத்தில் சிடி4 எண்ணிக்கை குறையும்வரை காத்திருந்த நடைமுறை 2017இல் மாற்றப்பட்டது. இன்று, எண்ணிக்கை எதுவாக இருந்தாலும், தொற்று உறுதியான அனைவருக்கும் விரைவில் சிகிச்சை தொடங்கப்படுகிறது.

பெரியவர்களுக்குத் தற்போது பொதுவாக வழங்கப்படுவது டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் ஆகிய மூன்று மருந்துகள் அடங்கிய ஒரே மாத்திரை. முதல் இரண்டும், வைரஸ் தன் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக மாற்றுவதைத் தடுக்கின்றன. மூன்றாவது, அந்த டி.என்.ஏ. மனித அணுவின் மரபணுத் தொகுதியில் இணைவதைத் தடுக்கிறது. வைரஸ் பெருகுவது நின்றதும் சிடி4 அணுக்கள் மெல்ல மீண்டும் உயர்கின்றன.

மாத்திரையை நாள்தோறும் ஒரே நேரத்தில், விடாமல் எடுத்துக்கொள்ள வேண்டும். அடிக்கடி தவறவிட்டால் இரத்தத்தில் மருந்தின் அளவு குறைகிறது. அந்த இடைவெளியில் வைரஸ் பெருகும்போது, மருந்துக்குக் கட்டுப்படாத வகை உருவாகலாம். அதன்பின் அதே மருந்து பயன் தராது. உடல் நன்கு தேறிவிட்டது என்பதற்காக மருந்தை நிறுத்துவதே நோயாளிகள் செய்யும் மிகப் பெரிய தவறு. உடல் தேறியதற்குக் காரணமே அம்மருந்துதான். முற்றிலும் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வோரை நம்பிக் கூட்டு மருந்தைக் கைவிட வேண்டாம்.

கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளும் வயிற்று எரிச்சலுக்கான சில மருந்துகளும் டோலுடெக்ராவிர் உடலில் சேர்வதைக் குறைக்கக்கூடும். காசநோய் மருந்தான ரிஃபாம்பிசினை உட்கொள்பவர்களுக்கு அளவை மாற்ற வேண்டியிருக்கும். ஆகவே நீங்கள் எடுத்துக்கொள்ளும் எல்லா மருந்துகளையும் ஏ.ஆர்.டி. மைய மருத்துவரிடம் தெரிவியுங்கள்.

வைரஸ் அளவு குறைந்தால் பரவுமா?

சிகிச்சையை முறையாகத் தொடரும் பெரும்பாலானோருக்கு ஏறத்தாழ 6 மாதங்களில் இரத்தத்தில் வைரஸின் அளவு பரிசோதனையில் கண்டறிய இயலாத நிலைக்குக் குறைகிறது. அந்நிலையைத் தக்கவைத்துக்கொள்பவரிடமிருந்து உடலுறவின் மூலம் இணையருக்கு எச்.ஐ.வி. பரவுவதில்லை.

இணையருள் ஒருவருக்கு மட்டும் தொற்றுள்ள 1,763 இணையரைக் கொண்டு 9 நாடுகளில் நடத்தப்பட்ட ஆய்வொன்றில் சென்னையும் ஓர் ஆய்விடமாக இருந்தது. சிகிச்சையை முன்கூட்டியே தொடங்குவது இணையருக்குப் பரவுவதை 96 விழுக்காடு குறைத்ததாக அதன் முடிவுகள் 2011இல் வெளியாயின. அதன்பின் நடந்த ஆய்வுகள், வைரஸ் அளவு கட்டுக்குள் இருந்தவரிடமிருந்து உடலுறவு வழியாக இணையருக்குத் தொற்று பரவவில்லை என்பதைக் காட்டின.

எனினும் வைரஸ் அளவு குறைந்திருப்பதைப் பரிசோதனையால் மட்டுமே அறிய இயலும். அது உறுதியாகும்வரை ஆணுறை கட்டாயம். பிற பால்வினை நோய்களையும் திட்டமிடாத கருத்தரிப்பையும் தடுக்க, அதன் பிறகும் ஆணுறை பயன்படும்.

கர்ப்பிணிகளின் கவனத்துக்கு

கர்ப்பம் உறுதியானதும் எச்.ஐ.வி. பரிசோதனை செய்துகொள்ளுங்கள். தொற்று இருப்பதாகத் தெரிந்தால் உடனே சிகிச்சையைத் தொடங்கி, பிரசவத்துக்குப் பின்னும் வாழ்நாள் முழுவதும் தொடர வேண்டும். பிரசவத்தை மருத்துவமனையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். பிறந்த குழந்தைக்குச் சில வாரங்கள் தடுப்பு மருந்து அளிக்கப்படும். முதல் 6 மாதங்களுக்குக் குழந்தைக்கு எவ்வகைப் பால் கொடுப்பது என்பதை மருத்துவரின் ஆலோசனைப்படி முடிவு செய்யுங்கள். தாய்ப்பாலையும் பிற பாலையும் கலந்து கொடுப்பதைத் தவிர்க்க வேண்டும்.

தாயின் எதிர்ப்புப் புரதங்கள் குழந்தையின் இரத்தத்தில் 18 மாதங்கள் வரை இருக்கலாம் என்பதால், வழக்கமான பரிசோதனை அதுவரை தெளிவான முடிவைத் தராது. எனவே 6 வாரத்தில் வைரஸையே நேரடியாகக் கண்டறியும் சிறப்புப் பரிசோதனை செய்யப்படுகிறது. இறுதி முடிவு 18 மாதத்தில் உறுதி செய்யப்படும். இடையில் குழந்தையை அழைத்து வருவதை நிறுத்திவிட வேண்டாம்.

பராமரிப்பவர்களுக்கு

இரத்தக் காயத்துக்குக் கட்டுப் போடும்போது கையுறை அணியுங்கள். இல்லையெனில் சுத்தமான பிளாஸ்டிக் உறையைக் கையில் மாட்டிக்கொள்ளலாம். சிந்திய இரத்தத்தைத் துடைத்து, அவ்விடத்தை பிளீச்சிங் கரைசலால் சுத்தம் செய்யுங்கள். தற்செயலாக ஊசி குத்திவிட்டால், அவ்விடத்தை அழுத்திப் பிசையாமல் சோப்பும் நீரும் கொண்டு கழுவி, உடனே அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். தொற்றுள்ள இரத்தம் படிந்த ஊசி குத்துவதால் தொற்று ஏற்படும் வாய்ப்பு ஏறத்தாழ 1,000இல் 3 மட்டுமே. ஆயினும் 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மருந்தைத் தொடங்க வேண்டும். முதல் சில மணி நேரத்திலேயே தொடங்குவது சிறந்தது. அதை 28 நாட்கள் தொடர வேண்டும்.

கீழ்க்காணும் அறிகுறிகள் தென்பட்டால் நோயாளியைத் தாமதியாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்:

- விட்டுவிட்டு வரும் அல்லது நீடிக்கும் காய்ச்சல், இருமல், இரவு வியர்வை
- கடும் தலைவலி, வாந்தி, மனக்குழப்பம், வலிப்பு
- மூச்சுத்திணறல்
- பார்வை மங்குதல்
- விழுங்குவதில் வலி, நிற்காத வயிற்றுப்போக்கு
- மருந்து தொடங்கியபின் உடலெங்கும் தடிப்பு, கண் மஞ்சளாதல்

உங்கள் உரிமைகள்

எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் 2017இல் இயற்றப்பட்டு, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ளது. தொற்று உள்ளது என்பதற்காக ஒருவருக்கு வேலை, கல்வி, மருத்துவம், வாடகை வீடு ஆகியவற்றை மறுத்து அவரைப் பாகுபடுத்துவதை இச்சட்டம் தடை செய்கிறது. ஒருவரது ஒப்புதலின்றி அவருக்குப் பரிசோதனை செய்வதையும், அவரது நிலையைப் பிறருக்கு வெளிப்படுத்துவதையும், சட்டம் குறிப்பிடும் சில சூழ்நிலைகள் தவிர, அனுமதிப்பதில்லை. அதே வேளையில், தம் நிலையை அறிந்தவர் பிறருக்குப் பரவாதிருக்க உரிய முன்னெச்சரிக்கைகளை மேற்கொள்ள வேண்டும் என்றும் கூறுகிறது. வாழ்க்கைத் துணையிடம் எவ்வாறு தெரிவிப்பது என்று தயங்கினால், நம்பிக்கை மைய ஆலோசகரின் உதவியை நாடுங்கள். இருவரையும் ஒன்றாக அமர்த்திப் பேச அவர் உதவுவார்.

ஐயங்கள் இருப்பின் 1097 என்ற கட்டணமில்லா தேசிய உதவி எண்ணைத் தொடர்புகொள்ளலாம். நீங்கள் பாதுகாப்பற்ற சூழலை எதிர்கொண்டிருந்தால் இன்றே பரிசோதனைக்குச் செல்லுங்கள். தொற்று உறுதியாகியிருந்தால் இன்றைய மாத்திரையைத் தவறாமல் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் ஒருவர் சிகிச்சையில் இருந்தால், அவருக்கு அருகிலேயே அமர்ந்து உணவு உண்ணுங்கள். அதனால் உங்களுக்கு எந்தத் தீங்கும் நேராது. அவருக்கோ அது பெரும் வலிமையைத் தரும்.